கல்லீரல் கட்டி: அங்கேயே பிறந்ததா, வந்து குடியேறியதா? இம்யூனோ பார்க்கத் தொடங்குபவர்களுக்கு

நோய்க்குறியியல் முதுநிலைப் படிப்பில் புதிதாகச் சேர்ந்தவர் கையில் ஒரு கல்லீரல் ஊசி பயாப்ஸி வந்தால் அரை நிமிடத்தில் கேள்வி வந்துவிடும்: "சார், என்ன இம்யூனோ போடலாம்?" இம்யூனோ என்பது, ஒரு குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடியைத் திசுவில் போட்டு, அது ஒட்டும் இடத்தைப் பழுப்பாகக் காட்டும் சாயம்; தேடும் புரதம்தான் மார்க்கர். கேட்பதில் தப்பில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு முன்னால் சில வேலைகள் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டுப் போடும் இம்யூனோவில் காசும் போகும், திசுவும் போகும், பதில் மட்டும் வராது.

நாம் தேடுவது ஒன்றுதான். கல்லீரலில் இருக்கும் இந்தப் புற்று ஈரல் செல்லிலிருந்தே கிளம்பியதா, இல்லை பெருங்குடலிலோ கணையத்திலோ மார்பகத்திலோ பிறந்து இரத்தத்தோடு வந்து இங்கே குடியேறியதா? ஈரலிலேயே பிறந்ததென்றால் வெட்டி எடுப்பது, ஊசி வழியே சுட்டுப் பொசுக்குவது, ஈரல் மாற்று அறுவை என்று பேச்சு போகும். பரவி வந்ததென்றால் பெரும்பாலும் மூல உறுப்புக்கு உரிய மருந்து. ஆக, நாம் எழுதும் ஒரு வரியில் நோயாளியின் வழியே மாறிவிடும்.

புதிதாக வருபவர்கள் எந்த மார்க்கர் எந்தக் கட்டியில் வரும், வராது என்ற ஒரு பிளஸ்-மைனஸ் அட்டவணையை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். கல்லீரலில் அது பாதி வழிதான் துணைக்கு வரும். பழுப்பு விழுந்திருக்கிறதா என்பதோடு நிற்காமல், எங்கே விழுந்திருக்கிறது என்று பார்க்கப் பழகுங்கள். உட்கருவிலா, சைட்டோபிளாசத்திலா, செல் சவ்விலா, இரண்டு செல்லுக்கு நடுவிலுள்ள பித்த நுண்கால்வாயிலா? கட்டி செல்லிலா, இல்லை கட்டிக்குள் மாட்டிக்கொண்ட அப்பாவிச் செல்லிலா? கீழே வருவதில் பாதி இந்தக் கேள்வியைத்தான் சுற்றி வருகிறது.

1. ஸ்லைடைத் தொடும் முன்

முதலில் விண்ணப்பப் படிவத்தைப் படியுங்கள். பல நேரம் அதில் "கல்லீரலில் கட்டி" என்பதைத் தவிர ஒன்றும் இருக்காது. அப்படியென்றால் போனை எடுங்கள்.

ஈரல் சுருக்கம், அதாவது சிர்ரோசிஸ், இருக்கிறதா? இது மிகப் பெரிய தடயம். சுருங்கிய ஈரலில் வேறிடத்துப் புற்று வந்து தங்குவது அரிது. அங்கே கட்டி என்றால் எச்.சி.சி. என்று சுருக்கமாகச் சொல்லும் ஹெபடோசெல்லுலர் கார்சினோமாதான் முதல் சந்தேகம். சுருக்கமில்லாத, பெரியவர் ஈரலில் கணக்கு தலைகீழ். அங்கே பரவி வந்த கட்டிகள்தான் மிக அதிகம்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். சிர்ரோசிஸ் நோயாளிக்கு ஸ்கேனில் கட்டி தமனிக் கட்டத்தில் (ஏற்றிய சாயம் தமனி வழி வரும் நேரத்தில்) பளிச்சென்று ஏறி, பிறகு மங்கினால், பயாப்ஸி இல்லாமலேயே எச்.சி.சி. என்று சிகிச்சை தொடங்கிவிடுகிறார்கள். அதனால் நம் மேசைக்கு வருவது பெரும்பாலும் ஸ்கேனில் முடிவு தெரியாதவை. பாடப்புத்தகப் படம் மாதிரி எச்.சி.சி. வரும் என்று எதிர்பார்த்து உட்காராதீர்கள்.

இரத்தத்தில் ஏ.எஃப்.பி. (ஆல்ஃபா-ஃபீட்டோபுரோட்டீன் என்ற புரதம்) எவ்வளவு என்று கேளுங்கள். 1963-இல் அபெலெவ் எலிகளின் ஈரல் கட்டியில் கண்டதும், 1964-இல் டடாரினோவ் ஈரல் புற்று நோயாளியின் இரத்தத்தில் கண்டதும் இந்தப் புரதத்தைத்தான். இரத்தத்தில் அது மிக அதிகமாக இருந்தால் நல்ல துப்பு. ஆனால் ஸ்லைடில் ஏ.எஃப்.பி. இம்யூனோ போடுவதை நான் சிபாரிசு செய்வதில்லை. எச்.சி.சி.களில் பாதிக்கும் மேல் அதில் நெகட்டிவ். பாசிட்டிவ் ஆனாலும் பின்னணி அழுக்காக இருக்கும்.

பிறகு பழைய கதை. பத்து வருடத்துக்கு முன் எடுத்த மார்பகக் கட்டியையும் சிறுநீரகத்தையும் நோயாளிகள் தாமாகச் சொல்ல மாட்டார்கள். அது முடிந்துபோன விஷயம் என்று நினைப்பார்கள். கண்ணுக்குள் வந்த மெலனோமா, அதாவது நிறமிச் செல் புற்று, பல வருடம் கழித்தும் ஈரலில் தலைகாட்டும். செயற்கைக் கண், பெருத்த ஈரல் என்று இரண்டும் சேர்ந்த நோயாளியைப் பற்றி மருத்துவக் கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்வது இதைத்தான். பழைய ஸ்லைடு கிடைத்தால் வரவழைத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே முகமாக இருந்தால் பாதி இம்யூனோ மிச்சம்.

2. எச் அண்ட் ஈ சொல்வதைக் கேளுங்கள்

எச் அண்ட் ஈ என்பது எல்லாத் திசுவுக்கும் முதலில் போடும் வழக்கமான நீல-இளஞ்சிவப்புச் சாயம். அதில் கட்டி செல்லுக்குள்ளேயே பச்சை கலந்த பழுப்பாகப் பித்தம் தெரிகிறதா? அப்படியென்றால் வேலை முடிந்தது. பித்தம் சுரக்கும் செல் ஈரல் செல்தான். இதை நிரூபிக்க எந்த ஆன்டிபாடியும் தேவையில்லை.

அது இல்லாதபோது கட்டியின் சாயலைப் பாருங்கள். பலகோண வடிவில், இளஞ்சிவப்பு சைட்டோபிளாசமும் நடுவில் பெரிய நியூக்ளியோலஸுமாக, தடித்த பட்டைகளாக அடுக்கியிருந்தால் எச்.சி.சி. பக்கம் சாயுங்கள். இங்கே ரெட்டிகுலின் சாயம் ஒன்று போடுவது நல்லது. மலிவான, பழைய வெள்ளிச் சாயம்தான். சாதாரண ஈரலில் செல் தகடுகள் ஓரிரு செல் தடிமனில், சுற்றிலும் கறுப்பு நாரோடு இருக்கும். எச்.சி.சி.யில் அந்த நார் குறைந்தோ அறுந்தோ போய், மூன்று செல்லுக்கும் மேல் தடித்த பட்டைகள் தெரியும்.

சுரப்பிக் குழாய்கள் இருந்து, அவற்றுக்குள் அழுக்கு மாதிரி இறந்த செல் குப்பை நிறைந்திருந்தால் பெருங்குடலை நினையுங்கள். நாரிழை நிறைந்த மேட்டில் சிறு சிறு குழாய்கள் சிதறிக் கிடந்தால் கணையம், பித்தநாளம். ஒரே அளவு உட்கருவும் உப்பு-மிளகுப் பொடி தூவியது போன்ற குரோமட்டினும் இருந்தால் ஹார்மோன் சுரக்கும் செல்களில் பிறக்கும் நியூரோஎண்டோகிரைன் கட்டி. எச்.சி.சி. போலவே பட்டை பட்டையாக அடுக்கி ஏமாற்றுவதில் இதற்கு நிகர் இல்லை. ஆகவே அதற்குரிய மார்க்கரான சினாப்டோஃபைசினை மறந்துவிடாதீர்கள்.

3. திசுவைக் காப்பாற்றுங்கள்

ஊசி பயாப்ஸி என்பது தையல் நூல் தடிமனில் ஒரு துண்டு. பிளாக்கை (திசுவைப் பதித்த மெழுகுத் துண்டை) மைக்ரோடோமில் (மெல்லிசாகச் சீவும் கருவியில்) ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் சமன்படுத்துவதிலேயே கொஞ்சம் திசு போய்விடும். அதனால் முதல் எச் அண்ட் ஈ வெட்டும்போதே, அதே கையோடு, 3 அல்லது 4 மைக்ரான் தடிமனில் எட்டுப் பத்து சாயமிடாத ஸ்லைடுகளையும் வெட்டி வைக்கச் சொல்லுங்கள். ஒட்டும் பூச்சுள்ள ஸ்லைடாக இருக்கட்டும். இல்லாவிட்டால் கொதிக்கும் பஃபரில் திசு கழன்று மிதக்கும். மெல்லிய துண்டுதானே என்று ஃபார்மலினில் ஒரு மணி நேரம் நனைத்து எடுத்துவிடாதீர்கள். 10 சதவீத நடுநிலை பஃபர் ஃபார்மலினில் ஆறு மணி நேரமாவது ஊறட்டும்.

4. முதல் சுற்று: இது ஈரல் செல்லா?

இருபது மார்க்கரை ஒரே தடவையில் கேட்டு அனுப்புவது சோம்பேறித்தனம். முதல் சுற்றுக்கு மூன்று, நான்கு போதும். நான் வழக்கமாகக் கேட்பது ஆர்ஜினேஸ்-1, கிளைபிகன்-3, எம்ஓசி-31. சாயல் பார்த்து சிகே7-ஐயும் (எபிதீலியச் செல்களின் கெரட்டின் புரதங்களில் ஒன்று) சேர்ப்பேன். ஆர்ஜினேஸ் இல்லாத லேப் என்றால் ஹெப்பார்-1.

ஹெப்பார்-1 வெகுநாள் ராஜாவாக இருந்தது. அது பிடிப்பது கார்பமாயில் ஃபாஸ்பேட் சிந்தடேஸ்-1 என்ற நொதியை. அம்மோனியாவை யூரியாவாக்கும் சுழற்சியில் முதல் படியைச் செய்யும் இந்த நொதி மைட்டோகாண்ட்ரியாவுக்குள் குடியிருக்கிறது. அதனால்தான் சைட்டோபிளாசத்தில் ரவை தூவினது மாதிரி பழுப்பு விழுகிறது. வழுவழுவென்று பூசினது மாதிரி இருந்தால் சந்தேகப்படுங்கள். இதற்கு இரண்டு பலவீனம். ஒன்று, செல் எவ்வளவு முரடாக, அடையாளமிழந்து போகிறதோ, அவ்வளவு சாயம் குறையும். மோசமாக வேறுபட்ட, அதாவது ஈரல் செல் சாயலை இழந்த, எச்.சி.சி.களில் சுமார் பாதியில் கைவிட்டுவிடும். இரண்டு, இந்த நொதி சிறுகுடலின் எபிதீலியத்திலும் உண்டு. இரைப்பை, உணவுக்குழாய், நுரையீரலின் சில அடினோகார்சினோமாக்களும் (சுரப்பிச் செல் புற்றுகளும்) ஹெப்பார்-1 பாசிட்டிவ் ஆகும்.

ஆர்ஜினேஸ்-1 அதே யூரியா சுழற்சியின் கடைசிப் படிக்கான நொதி. இதில் சைட்டோபிளாசம் முழுக்க, பல நேரம் உட்கருவும் சேர்ந்து, பழுப்பாகும். முரட்டுக் கட்டிகளிலும் ஹெப்பாரைவிட நன்றாகத் தாங்குகிறது. வேறு உறுப்புக் கட்டிகளில் குறைவாகவே வருகிறது. ஒரே ஒரு ஸ்லைடுதான் மிச்சம் என்றால் நான் இதைத்தான் போடுவேன்.

கிளைபிகன்-3 வேறு ரகம். கருவின் ஈரலில் இருந்து, பிறந்தபின் அடங்கி, புற்றில் மறுபடி தலைதூக்கும் புரதம். ஆகவே இது ஈரல் செல் என்பதை மட்டுமல்ல, கெட்டுப்போன ஈரல் செல் என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. முரட்டுக் கட்டிகளில் நன்றாக ஏறும், நன்கு வேறுபட்டவற்றில் பல நேரம் ஏறாது. ஹெப்பாருக்கு நேர் எதிர். இரண்டையும் ஜோடியாகப் போடச் சொல்வதன் காரணம் இதுதான். ஆனால் இது மட்டும் பாசிட்டிவ் என்று எச்.சி.சி. எழுதிவிடாதீர்கள். யோக் சாக் கட்டி, நுரையீரலின் ஸ்குவாமஸ் புற்று, சில மெலனோமா எல்லாம் இதில் பழுப்பாகும். கடும் ஹெபடைட்டிஸில் சாதாரண ஈரல் செல்கூட அங்கங்கே ஏறும்.

இனி நுண்கால்வாய். ஈரல் செல்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்று நடுவே ஒரு நுண்ணிய பித்தக் கால்வாயை உண்டாக்கும். வேறெந்த உறுப்புச் செல்லும் இப்படிச் செய்வதில்லை. சி.இ.ஏ. என்ற புரதத்துக்கான பாலிகுளோனல் ஆன்டிபாடி (பல வகை ஆன்டிபாடிகளின் கலவை) அந்தக் கால்வாயின் சுவரிலுள்ள புரதத்தையும் குறுக்கே பிடித்துவிடும். சிடி10-உம் அங்கேதான் விழும். செல்களுக்கு நடுவே பழுப்புப் பென்சிலால் கிறுக்கின மாதிரி, கிளைவிட்ட சிறு கோடுகள். அடினோகார்சினோமாவிலும் சி.இ.ஏ. பாசிட்டிவ்தான், ஆனால் அங்கே சைட்டோபிளாசத்திலும் சுரப்பி விளிம்பிலும் பரவியிருக்கும். ரிப்போர்ட்டில் "சி.இ.ஏ. பாசிட்டிவ்" என்று மட்டும் எழுதினால் படிப்பவருக்கு ஒன்றுமே தெரியாது. ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: மோனோகுளோனல் (ஒரே வகை ஆன்டிபாடி) சி.இ.ஏ. கேட்டால் இந்தக் கோடுகள் பெரும்பாலும் கிடைக்காது. எந்த பாட்டில் லேப்பில் இருக்கிறது என்று விசாரித்துவிட்டுக் கேளுங்கள்.

எம்ஓசி-31 எதிர்சாட்சி. அடினோகார்சினோமாக்களில் செல் சவ்வை அழுத்தமாகக் கோடிட்டுக் காட்டும், எச்.சி.சி.யில் பொதுவாக வெறுமை. ஆர்ஜினேஸ் பாசிட்டிவ், எம்ஓசி-31 நெகட்டிவ் என்று வந்தால் நிம்மதியாக மூச்சு விடலாம்.

படிக்கும் காலத்தில் நான் மாட்டிக்கொண்ட கதை ஒன்று. ஒரு ஈரல் கட்டியில் நுரையீரல் மார்க்கரான டிடிஎஃப்-1 பழுப்பாக வந்தது. நுரையீரலிலிருந்து பரவியது என்று துணிந்து எழுதி ஆசிரியரிடம் நீட்டினேன். ஸ்லைடை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பழுப்பு எங்கேப்பா இருக்கு?" என்றார். மறுபடி பார்த்தால் உட்கருக்கள் எல்லாம் நீலமாகவே இருந்தன. சைட்டோபிளாசம்தான் ரவை ரவையாகப் பழுப்பு. நுரையீரலுக்கான பதில் உட்கருவில்தான் விழ வேண்டும். டிடிஎஃப்-1-க்குப் பரவலாகப் புழங்கும் 8ஜி7ஜி3/1 என்ற ஆன்டிபாடி குளோன், ஈரல் செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் அதே ஹெப்பார் நொதியைத் தவறிப் பிடிக்கிறது. நான் நுரையீரல் என்று எழுதிய கட்டி எச்.சி.சி. அன்றிலிருந்து மார்க்கர் பெயருக்குப் பக்கத்தில் இடத்தையும் எழுதாமல் எந்த ரிப்போர்ட்டிலும் கையெழுத்துப் போடுவதில்லை.

5. ஈரல் செல் இல்லையென்றால்

இரண்டாம் சுற்றை சிகே7, சிகே20 ஜோடியோடு தொடங்குவது பழைய வழக்கம். இன்றும் திசை காட்ட உதவும். சிகே20 மட்டும் என்றால் பெருங்குடல். சிகே7 மட்டும் என்றால் நுரையீரல், மார்பகம், சினைப்பை. சிகே7-ஓடு சிகே20 கொஞ்சம் வந்தும் வராமலும் இருந்தால் கணையம், பித்தநாளம், இரைப்பை. இரண்டுமே இல்லையென்றால் எச்.சி.சி., சிறுநீரகம், புரோஸ்டேட். விதிவிலக்கு ஏராளம், எனவே இந்த ஜோடியை வைத்து மட்டும் தீர்ப்பு எழுதக் கூடாது.

பெருங்குடலுக்கு சிடிஎக்ஸ்2, எஸ்ஏடிபி2, இரண்டும் உட்கருவில். சிடிஎக்ஸ்2 இரைப்பையிலும் கணையத்திலும் வரும். எஸ்ஏடிபி2 சேர்ந்தால் பெருங்குடல் பக்கம் தட்டு தாழும். நுரையீரலுக்கு உட்கருவில் டிடிஎஃப்-1, சைட்டோபிளாசத்தில் நாப்சின்-ஏ. மார்பகத்துக்கு கேட்டா3, கூடவே ஈ.ஆர். (ஈஸ்ட்ரோஜன் ஏற்பி); சிறுநீர்ப்பைப் புற்றும் கேட்டா3-இல் ஏறும் என்பதை மறக்க வேண்டாம். புரோஸ்டேட்டுக்கு என்கேஎக்ஸ்3.1. மெலனோமாவுக்கு சாக்ஸ்10, எச்எம்பி-45. குடல் சுவரில் பிறக்கும் ஜிஸ்ட் கட்டிக்கு டாக்1, சிடி117. நியூரோஎண்டோகிரைன் என்றால் சினாப்டோஃபைசின், குரோமோகிரானின், கூடவே கட்டாயம் கேஐ-67, அதாவது பெருகிக்கொண்டிருக்கும் செல்களின் சதவீதம். 3 சதவீதத்துக்குக் கீழே முதல் தரம், 3 முதல் 20 வரை இரண்டாம் தரம், அதற்கு மேல் மூன்றாம் தரம்.

கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது வெளுத்த செல் கட்டி. கொழுப்பும் கிளைக்கோஜனும் நிரம்பிய எச்.சி.சி.யும் சிறுநீரகத்தின் கிளியர் செல் புற்றும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். சிகே7, சிகே20 இரண்டிலும் இரண்டுமே நெகட்டிவ். சிடி10 இரண்டிலும் பாசிட்டிவ், ஆனால் சிறுநீரகத்தில் செல் சவ்வு முழுக்க, எச்.சி.சி.யில் நுண்கால்வாயில். சண்டையைத் தீர்ப்பது பேக்ஸ்8: உட்கரு பழுப்பானால் சிறுநீரகம். வலது அட்ரீனல் சுரப்பி ஈரலை ஒட்டியே இருப்பதால் அதன் புற்றும் நேராக உள்ளே நுழைந்து எச்.சி.சி. வேஷம் போடும். கெரட்டின் வெறுமையாக, சினாப்டோஃபைசின் மட்டும் குழப்பமாகப் பாசிட்டிவ் ஆனால், எஸ்எஃப்-1 கேளுங்கள்.

6. இம்யூனோ கைவிடும் இடம்

ஈரலுக்குள்ளேயே பிறந்த பித்தநாளப் புற்றையும் கணையத்திலிருந்து பரவியதையும் இம்யூனோ மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. இரண்டும் சிகே7, சிகே19 பாசிட்டிவ், இரண்டும் எம்ஓசி-31 பாசிட்டிவ். எஸ்எம்ஏடி4 காணாமல் போயிருந்தால் கணையத்தை நோக்கி ஒரு கை காட்டும். கணையப் புற்றுகளில் பாதிக்கும் சற்று மேல் அப்படி இழக்கின்றன. ஆனால் பித்தநாளப் புற்றிலும் அது நடக்கும். அல்புமின் ஆர்.என்.ஏ.வைத் தேடும் இன்-சிட்டு சோதனை உதவலாம்: ஈரலுக்குள் சிறு நாளங்களில் பிறந்தவை பலவற்றில் அது பாசிட்டிவ், கணையத்தின் வழக்கமான நாளப் புற்றில் பெரும்பாலும் நெகட்டிவ். அல்புமினுக்கு ஆன்டிபாடி போடலாமே என்று கேட்பார்கள். பிளாஸ்மாவில் அல்புமின் எங்கும் இருப்பதால் திசு முழுக்கப் பழுப்பாகிவிடும், ஆர்.என்.ஏ. செல்லுக்குள் தயாராகும் இடத்தில் மட்டுமே தெரியும்.

அந்தச் சோதனை இல்லாத ஊரில் "சிகே7 பாசிட்டிவ் அடினோகார்சினோமா, ஈரல் பித்தநாளம், கணையம், மேல் குடல் பாதை ஆகியவற்றை ஸ்கேனோடு ஒப்பிட்டுத் தீர்மானிக்கவும்" என்று எழுதுவது தோல்வியில்லை. நேர்மையான பதில் அதுதான்.

இரைப்பையில் பிறக்கும் ஹெபடாய்டு அடினோகார்சினோமா இதைவிடக் கொடுமை. ஏ.எஃப்.பி., ஹெப்பார்-1 இரண்டும் வரும். எச்.சி.சி.யின் எல்லாக் கையெழுத்தையும் போலியாகப் போடும். எஸ்ஏஎல்எல்4 பாசிட்டிவ் ஆனால் எண்டோஸ்கோப்பி கேளுங்கள்.

7. பழுப்பே பொய் சொல்லும் இடங்கள்

ஈரலில் இயற்கையாகவே பயோட்டின் நிறைய. அவிடின்-பயோட்டின் முறையில் சாயம் போட்ட காலத்தில் அதுவே போலிப் பழுப்பைத் தந்து பலரை ஏமாற்றியது. பாலிமர் முறையில் அந்தத் தொல்லை இல்லை. உங்கள் லேப் எந்த முறை என்று தெரிந்துகொள்ளுங்கள். அப்புறம் நிறமிகள். பித்தம், லிப்போஃபியூசின், இரும்பு எல்லாம் பழுப்புதான், இம்யூனோவில் நாம் போடும் டிஏபி நிறப்பொருளும் பழுப்புதான். சந்தேகம் வந்தால் ஆன்டிபாடி இல்லாத நெகட்டிவ் கன்ட்ரோல் ஸ்லைடில் அதே இடத்தைத் தேடிப் பாருங்கள். அங்கேயும் பழுப்பென்றால் அது நிறமி.

பரவி வந்த கட்டி ஈரல் தகடுகளின் ஊடே புகுந்து வளரும்போது நடுவில் சாதாரண ஈரல் செல்கள் தீவு தீவாக மாட்டிக்கொள்ளும். அவை ஆர்ஜினேஸில் பளிச்சென்று ஏறும். நசுங்கிய பித்தக் குழாய்கள் சிகே7-இல் ஏறும். எச் அண்ட் ஈயையும் இம்யூனோவையும் அடுத்தடுத்து வைத்து, பழுப்பான செல்லின் உட்கரு கட்டியின் உட்கரு மாதிரி இருக்கிறதா என்று பார்த்தால் இதில் விழ மாட்டீர்கள். அதே மாட்டிக்கொண்ட செல்கள் ஓசி கன்ட்ரோலும் ஆகும்: பக்கத்திலுள்ள சாதாரண ஈரல் ஆர்ஜினேஸில் ஏறாமல் போயிருந்தால் கட்டி நெகட்டிவ் என்று எழுத உங்களுக்கு உரிமை இல்லை. சாயத்தைத் திரும்பப் போடச் சொல்லுங்கள்.

8. ரிப்போர்ட்டும் மிச்ச ஸ்லைடும்

ஒவ்வொரு மார்க்கருக்கும் மூன்று விஷயம் எழுதுங்கள்: எந்தச் செல், செல்லில் எந்த இடம், எவ்வளவு பங்கு. "ஆர்ஜினேஸ்-1: கட்டி செல்களில் பரவலாக, சைட்டோபிளாசத்திலும் உட்கருவிலும் பாசிட்டிவ். டிடிஎஃப்-1: உட்கருவில் நெகட்டிவ், சைட்டோபிளாசச் சாயம் கணக்கில் இல்லை." இப்படி எழுதினால் வேறு ஊரில் படிப்பவருக்கும் நீங்கள் கண்டது அப்படியே புரியும். கடைசியில் உங்கள் முடிவு, கூடவே எது எதோடு அது ஒத்துப்போகவில்லை என்பதும்.

மிஞ்சிய சாயமிடாத ஸ்லைடுகளைக் குப்பையில் போடாமல், பிளாக் எண்ணை எழுதிப் பெட்டியில் வையுங்கள். பித்தநாளப் புற்று என்று நீங்கள் எழுதிய நோயாளிக்கு ஐடிஎச்1, எஃப்ஜிஎஃப்ஆர்2 மரபணுக்களில் மாற்றம் பார்க்க வேண்டும் என்று இரண்டு வாரம் கழித்து புற்றுநோய் மருத்துவரிடமிருந்து போன் வரும். அதற்குள் பிளாக்கில் கொழுப்பும் மெழுகும் மட்டும்தான் மிச்சமிருக்கும்.